மூக்கு அறியாத விஷம்

இல்லற விஞ்ஞானம்

அக்கினி ஸ்தலம் என்று பெயர் பெற்ற திருவண்ணாமலையில் நெருப்பைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். கார்த்திகை மாதத்தில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியிலே கொப்பரை கொப்பரையாக நெய் வார்த்து மஹா தீபம் ஏற்றுகிறோம்.  அந்தத் தீயினால் இதுவரை ஒருவருக்கும் மூச்சு முட்டியதில்லை. காரணம் வெளிப்படை. அதற்கு மூச்சு விட ஆகாயம் முழுவதும் இருக்கிறது. அந்த மலையடிவாரத்திலேயே, நாலு சுவருக்கும் ஒரு தாழ்ப்பாளுக்கும் நடுவே, ஐந்தடிக்கு நாலடி ஸ்நான அறையில் எரிகின்ற சிறு ஜ்வாலையோ மனிதனைக் கொல்ல வல்லது. நெருப்பு ஒன்றுதான். இடம்தான் வேறு. இவ்வாரம் நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த இட வேற்றுமையைப் பற்றியே.

நம் பாட்டிமார் காலத்தில் வெந்நீர் அடுப்பு கொல்லைப்புறத்தில் இருந்தது. செப்புத் தவலையோ, நடுவிலே குழல் வைத்த பாய்லரோ, எதுவானாலும் அது தாழ்வாரத்திலோ கிணற்றடியிலோதான் புகைந்து கொண்டிருக்கும். விறகும் வரட்டியும் கண்ணைக் கரித்தன. ஆயினும் புகை வெளியே போயிற்று. இப்போது கொல்லைப்புறமே பல வீடுகளில் இல்லை. மாடிக்கு மேல் மாடியாக வாடகைப் பகுதிகள் எழும்பிவிட்டன. மார்கழிக் குளிரில் விடியுமுன் நீராடிக் கோயிலுக்குப் போகிறவர்களும், பௌர்ணமி தோறும் பதினாலு கிலோ மீட்டர் கிரிவலம் வந்து கால் கடுக்கத் திரும்புகிறவர்களும் வெந்நீர் கேட்கிறார்கள். மின்சாரக் கீஸருக்கு ஆகும் பில்லைக் கண்டு அஞ்சிப் பலர் காஸ் கீஸர் வாங்குகிறார்கள். சமையலறைச் சிலிண்டர் ஒன்றைக் கொண்டு வந்து அதனுடன் இணைத்துவிடுகிறார்கள். குழாயைத் திருகினால் உடனே வெந்நீர் கொட்டுகிறது. சௌகரியம் என்பதில் சந்தேகமில்லை. அந்தச் சௌகரியத்தை அபாயமின்றி அநுபவிப்பது எப்படி என்பதே கேள்வி.

முதலில் அந்த வாயுவின் குணத்தைத் தெரிந்து கொள்வோம். சிவப்புச் சிலிண்டரில் நமக்கு வருவது புரொபேன், பியூட்டேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. அமுக்கத்தினால் அது திரவமாக அடைக்கப்பட்டிருக்கிறது. ஒரு படி திரவம் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 படி வாயுவாக விரிகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை கனமானது. ஆகையால் கசிந்த காஸ் மேலே பறந்து போவதில்லை. தண்ணீரைப் போலத் தரையோடு தரையாகப் பரவி, மூலையிலும் பள்ளத்திலும் சாக்கடை வாயிலிலும் தேங்கி நிற்கிறது. நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு முதல் ஒன்பது பங்கு வரை அது கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். பெரிய நகரங்களில் குழாய் வழியாக வீடுகளுக்கு வரும் இயற்கை வாயு இதற்கு நேர் விரோதம். அது காற்றைவிட லேசானது, மேலே எழும்பும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒன்றின் முறையை மற்றொன்றுக்குக் கையாளலாகாது.

இயற்கையில் இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. நம் மூக்கைத் துளைக்கும் அழுகிய நாற்றம் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே சேர்ப்பதனால் உண்டாவது. இப்படி நாற்றம் சேர்க்க வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்டது மிகவும் கசப்பான முறையிலாகும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்திலே நியூ லண்டன் என்றோர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த பிரதேசம். அங்கே பெரும் பொருட்செலவில் கட்டிய பள்ளிக்கூடத்தில், வகுப்பறைகளைச் சூடாக்குவதற்குப் பல காஸ் கணப்புகளை வைத்திருந்தார்கள். மாதாமாதம் கம்பெனிக்குப் பணம் கட்டி காஸ் வாங்குவானேன் என்று எண்ணிய நிர்வாகிகள், அருகே சென்ற எண்ணெய்க் கம்பெனியின் கழிவு வாயுக் குழாயிலிருந்து ஓர் இணைப்பை எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். அந்த வட்டாரத்தில் பலர் செய்துவந்த காரியந்தான் அது. இணைப்பில் கசிவு ஏற்பட்டது. வாசனையற்ற வாயு கட்டடத்தின் அடித்தளத்திலே மெள்ள மெள்ள நிறைந்தது. 1937-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ஆம் தேதி பிற்பகல், பள்ளி விடுவதற்குச் சற்று முன், தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஒரு மின்சார இயந்திரத்தைச் சொடுக்கினார். கட்டடம் அப்படியே மேலெழும்பிச் சரிந்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் இந்த வரலாற்றை மனம் பதறாமல் படிக்க முடியாது. சில வாரங்களுக்குள் அந்த மாகாணத்தில் காஸுக்கு நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் பிறந்தது. பிறகு உலகமெங்கும் அவ்வழக்கம் பரவிற்று.

நியூ லண்டனிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. நாற்றம் அவசியம் என்பது ஒன்று. அதை உலகம் கற்றுக்கொண்டது. சிக்கனத்தை உத்தேசித்து, அதிகாரமில்லாத இணைப்பைக் கைக்கு வந்தபடி செய்துகொள்ளலாகாது என்பது மற்றொன்று. அதைத்தான் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நாற்றம் இருந்தும் அசட்டையாக இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அயலூர் தேட வேண்டியதில்லை. நமது சேலத்தில், கருங்கல்பட்டியில், 2021-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி காலையில் கசிந்திருந்த காஸ் வெடித்து, அந்த வீடு மட்டுமன்றி அண்டை வீடுகளும் இடிந்து விழுந்தன. ஐந்து பேர் உயிரிழந்தனர். இரவெல்லாம் மூடிய வீட்டில் காஸ் தேங்கி, விடியற்காலையில் தூக்கக் கலக்கத்துடன் ஒருவர் விளக்கையோ அடுப்பையோ ஏற்றும் நேரமே இத்தகைய விபத்துக்களுக்கு உகந்த நேரம். ஒரு வீட்டின் அஜாக்கிரதை ஒரு தெருவின் விபத்தாக முடிகிறது. ஆகவே இணைப்பைச் செம்மையாக வைத்துக்கொள்வது குடும்பக் கடமை மட்டுமன்று. அது குடிமைக் கடமையுமாகும்.

இது முதல் அபாயம்: எரியாத காஸினால் வருவது. இதற்கு மூக்கு காவல் நிற்கிறது. நாற்றம் வந்தவுடன் நாம் விழித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது அபாயம் எரிந்த காஸினால் வருவது. இதற்குக் காவல் யாரும் இல்லை. காஸ் நன்றாக எரியும்போது மெர்காப்டனும் சேர்ந்து எரிந்துபோகிறது. நாற்றம் இல்லை, புகையும் இல்லை. போதிய காற்றுக் கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியுமே உண்டாகும். காற்றுக் குறைந்துவிட்டாலோ, கரியானது பாதி எரிந்தும் எரியாமலும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயுவாக மாறுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. மூச்சோடு உள்ளே போய், ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோக்ளோபினைப் பற்றிக்கொள்கிறது. பிராணவாயுவை விட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் பற்றிக்கொள்கிறது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்ட கதைதான். மூச்சு தாராளமாக வந்துகொண்டிருக்கும். ஆனால் மூளைக்கும் இருதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேராது. முதலில் லேசான தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். கால்கள் துவளும். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று எண்ணும்போது கை எழும்பாது.

நமது ஸ்நான அறையில் இது எவ்வளவு சீக்கிரம் நேரக்கூடும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் நீரை 25 டிகிரி சூடேற்றும் சாதாரணக் கீஸர் ஒன்று, ஓடிக்கொண்டே இருந்தால், மணிக்குச் சுமார் 900 கிராம் காஸைத் தின்கிறது. சமையல் அடுப்பின் பெரிய பர்னர்கள் நாலைந்தை ஒரே சமயத்தில் எரிப்பதற்குச் சமானம். ஒரு கிலோ காஸ் முழுவதும் எரிந்து தீரச் சுமார் 13 கன மீட்டர் காற்று தேவை. ஆகவே பத்து நிமிஷ ஸ்நானத்துக்கு எரியும் 150 கிராம் காஸுக்கு ஏறத்தாழ இரண்டு கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடி நீளம், நாலடி அகலம், எட்டடி உயரமுள்ள அறையில் இருக்கும் மொத்தக் காற்றோ நாலரை கன மீட்டர்தான். அதாவது ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அறைக் காற்றில் ஐந்தில் இரண்டு பங்கைக் கீஸர் செலவழித்துவிடுகிறது. ஒருவர் பின் ஒருவராகக் குடும்பமே குளிக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். காற்று தீரும்வரை ஜ்வாலை காத்திருப்பதில்லை. பிராணவாயு சற்றுக் குறைந்ததுமே அது நீல நிறம் மாறி, மஞ்சள் பூத்து, விஷத்தைக் கக்கத் தொடங்கிவிடும். குளிருக்கு அஞ்சி ஜன்னலையும் சாத்தியிருந்தால், கணக்கு எப்படி முடியும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த விஷம் படித்தவர், படியாதவர் என்று பார்ப்பதில்லை. உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலா 1902-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் பாரிஸ் நகரத்தில் தம் படுக்கை அறையிலேயே இதற்குப் பலியானார். கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. உடனிருந்த மனைவி தெய்வாதீனமாகப் பிழைத்தார். அநீதிக்கு எதிராக அஞ்சாமல் பேனாப் பிடித்த அந்த மஹாபுருஷரைச் சாய்த்தது அடைபட்ட ஒரு புகைபோக்கி!

கீஸர் என்ற பெயரே ஐஸ்லாந்துத் தீவில் பூமியிலிருந்து பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றின் பெயர். 1868-ஆம் வருஷம் லண்டனில் பெஞ்ஜமின் வாடி மாகன் என்ற ஓவியர், ஓடும் நீரைக் காஸ் ஜ்வாலையினால் உடனுக்குடன் சூடாக்கும் கருவியை முதன்முதலில் செய்து அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அந்தக் கருவிக்குப் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு முழுவதும் அறைக்குள்ளேயே தங்கிற்று. பின்னால் வந்தவர்கள் அந்தக் குறையைக் கண்டு புகைபோக்கியை வைத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பிருந்த அதே குறையை, புகைபோக்கியைப் பொருத்தாமல் ஸ்நான அறைச் சுவரில் கீஸரை மாட்டுவதன் மூலம், நாம் இன்று மறுபடியும் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி, செய்ய வேண்டியதென்ன?

முதலாவதும் முக்கியமானதும் இடம். காஸ் கீஸரை ஸ்நான அறைக்குள் வைக்கவே கூடாது. வெளிச்சுவரில், மழை படாத நிழலில், காற்று தாராளமாக நடமாடும் இடத்தில் அதை மாட்ட வேண்டும். தாழ்வாரம், பால்கனி, மாடிப்படியின் திறந்த பக்கம் எதுவானாலும் சரி. உள்ளே வர வேண்டியது வெந்நீர்க் குழாய் மட்டுமே. ஜ்வாலை வெளியே, வெந்நீர் உள்ளே என்ற ஒரு சூத்திரத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் பாதியைக் கற்றதாகும். மேலும், கீஸர் மாட்டும் இடம் ஸ்நான அறையின் ஜன்னலுக்கோ படுக்கையறை ஜன்னலுக்கோ நேர் கீழே இருக்கலாகாது. வெளியேறிய விஷம் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்துவிடும். நாலு பக்கமும் கண்ணாடி வைத்து மூடிய பால்கனியும் வெளியிடம் ஆகாது, அது இன்னோர் அறையே.

இரண்டாவது, புகைபோக்கி. கருவியுடன் குழாய் கொடுத்திருந்தால் அதை அட்டைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் போட்டுவிடக் கூடாது. அது மேல்நோக்கி எழும்பி, வெட்டவெளியில் போய் முடிய வேண்டும். குருவிக் கூடும் குளவிக் கூடும் அதன் வாயை அடைக்கின்றனவா என்று வருஷத்துக்கு இருமுறையாவது பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சிலிண்டர். கீஸருக்கென்று தனிச் சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும் வேண்டும். சமையலறைச் சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை நடுவில் வெட்டி, மூன்று வாயுள்ள ஒரு துண்டைச் செருகி, ஒரு கிளையை அடுப்புக்கும் ஒரு கிளையைக் கீஸருக்கும் விடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒவ்வொரு புது மூட்டும் ஒரு புதுக் கசிவுக்கு வாசல். சிலிண்டரைத் தரைமட்டத்தில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் ஏறிவிடும். பள்ளத்திலோ, சாக்கடை வாயருகிலோ, காற்றோட்டமில்லாத அலமாரியிலோ வைத்தல் தகாது. காஸ் தீர்கிறபோது சிலிண்டரை வெந்நீரில் நிறுத்துகிறவர்களும் உண்டு. அதுவும் விபரீதமே.

சிலிண்டர் வந்து இறங்கும்போதே ஆள் முன்னிலையில் மூன்று காரியங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பிடி வளையத்தின் உட்புறத்திலே ஏ, பி, ஸி, டி என்ற இங்கிலீஷ் எழுத்துக்களில் ஒன்றும், ஒரு வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கங்களும் எழுதியிருக்கும். ஏ என்றால் மார்ச்சு வரை, பி என்றால் ஜூன் வரை, ஸி என்றால் செப்டம்பர் வரை, டி என்றால் டிஸம்பர் வரை. அந்தத் தவணைக்குள் சிலிண்டரை மறுபடியும் பரீட்சை செய்ய வேண்டும் என்பது பொருள். தவணை கடந்த சிலிண்டரை மறுத்துத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமை உண்டு. வால்வுக்கு மேல் முத்திரை குலையாமல் இருக்க வேண்டும். வால்வுக்குள் சிறு ரப்பர் வாஷர் இருக்கிறதா, அது கிழியாமல் இருக்கிறதா என்று நோக்க வேண்டும். கசிவில் பெரும்பாலும் குற்றவாளி அந்தச் சுண்டைக்காய் வாஷர்தான்.

நாலாவது, குழாய். இந்தியத் தர எண் 9573 பொறித்த, உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ரப்பர் குழாயே வாங்கத் தக்கது. தண்ணீர் விடும் பச்சை டியூபைக் காஸுக்கு மாட்டுவது தற்கொலைக்குச் சமம். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சுவருக்குள் புதைக்கவோ, கதவிடுக்கில் நுழைக்கவோ, கண்ணுக்கு மறைவாகப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோகவோ கூடாது. ஐந்து வருஷமானால் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வெடிப்போ எலிக்கடியோ தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். சிலிண்டருக்கும் கீஸருக்கும் தூரம் அதிகமானால் ரப்பரை நீட்டக் கூடாது. கைதேர்ந்தவரைக் கொண்டு உலோகக் குழாய் போட வேண்டும்.

ஐந்தாவது, முத்திரை. சுதந்திரம் வந்த அதே 1947-ஆம் வருஷத்தின் தொடக்கத்தில், ஜனவரி மாதம் 6-ஆம் தேதி, இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் தோன்றிற்று. ஐ.எஸ்.ஐ. முத்திரை அதன் குழந்தை. 1987-ல் ஸ்தாபனத்தின் பெயர் மாறியும் முத்திரை மாறவில்லை. காஸில் இயங்கும் சிறு வெந்நீர்க் கருவிகளுக்கு 15558 என்ற எண்ணுள்ள தரம் வகுத்திருக்கிறார்கள். அந்நியன் முத்திரைக்குக் கை கட்டி நின்ற தேசம் தன் மக்களின் உயிரைக் காக்கத் தானே வகுத்துக்கொண்ட அளவுகோல் அது. ஐந்நூறு ரூபாய் மலிவு என்பதற்காக அதை உதறித் தள்ளுவது எந்தச் சுதேசியத்தில் சேரும்?

ஆறாவது, ஆள். இணைப்பைக் காஸ் ஏஜென்ஸியின் மெக்கானிக்கோ, கருவிக் கம்பெனியின் பயிற்சி பெற்ற ஆளோ செய்ய வேண்டும். மின்சார வேலை தெரிந்தவர், குழாய் வேலை தெரிந்தவர் என்பதெல்லாம் யோக்யதை ஆகாது. வேலை முடிந்ததும் ஸோப்பு நுரையை ஒவ்வொரு மூட்டிலும் தடவச் சொல்லுங்கள். குமிழி எழும்பினால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிக்கிறேன் என்கிறவரை அப்படியே வாசலுக்கு வழியனுப்பி வைப்பது நலம்.

"எங்கள் வீட்டில் ஐந்து வருஷமாக உள்ளேதான் இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே!" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஐந்து வருஷமும் ஜன்னல் திறந்திருந்திருக்கும், குளியல் சுருக்கமாக முடிந்திருக்கும், பர்னர் சுத்தமாக இருந்திருக்கும். உப்பு நீர் ஓடும் ஊர்களிலே கருவிக்குள் சுண்ணாம்பு படிகிறது; பர்னரில் தூசியும் துருவும் சேர்கின்றன. போன வருஷத்துக் கீஸர் இந்த வருஷத்துக் கீஸர் அன்று. விஷமும் ஒரே அளவில் வருவதில்லை. ஆகையால் நேற்றைய க்ஷேமம் இன்றைக்கு ஜாமீன் ஆகாது.

இன்னும் சிலர், "அடிக்கடி அணைந்து போகிறது" என்று சலித்து, கருவியில் உள்ள காப்பு உறுப்புக்களை மெக்கானிக்கைக் கொண்டு துண்டித்துவிடுகிறார்கள். கீஸர் தானாக அணைவது, "எனக்கு மூச்சு முட்டுகிறது, உனக்கும் முட்டப் போகிறது" என்று அது சொல்லும் எச்சரிக்கை. ஜப்பானில் 1985 முதல் 2005 வரை ஒரே ரகமான காஸ் கீஸர்களால் 21 பேர் கார்பன் மோனாக்ஸைடுக்குப் பலியானார்கள் என்பது 2006-ல் வெளியாகி அந்நாட்டையே உலுக்கிற்று. காப்பு உறுப்பைத் தாண்டிக் கம்பி இழுத்துப் பழுது பார்த்திருந்தது பல சம்பவங்களில் காரணமாகக் காணப்பட்டது. யந்திரத்தில் கைதேர்ந்த நாட்டுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு ஒரு வார்த்தை. முன்பே உள்ளே மாட்டியிருக்கும் கீஸரை உடனே வெளியே மாற்ற உங்களால் இயலாமற் போகலாம். அப்படியாயின் அதைக் குளிக்கும்போது எரிய விடாதீர்கள். கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்து வைத்து, வாளிகளில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீஸரையும் ரெகுலேட்டரையும் மூடி, காற்று மாறச் சற்றுப் பொறுத்துப் பிறகு உள்ளே போங்கள். இது மாற்றும் நாள் வரைக்குமான உபாயமே தவிர நிரந்தரப் பரிகாரம் அன்று. வீட்டுக்காரருக்கும் விடுதி நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம்: தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வரும் யாத்திரிகர் உங்கள் ஸ்நான அறையின் தாழ்ப்பாளை நம்பிக்கையோடு போடுகிறார். அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யலாகாது. வெளிச்சுவரில் நாலு ஆணி அடித்து, இரண்டு மீட்டர் வெந்நீர்க் குழாய் போடும் செலவு ஓர் உயிரின் விலைக்கு ஈடாகுமா?

அபாய காலத்தில் செய்ய வேண்டியதையும் வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம். காஸ் நாற்றம் வந்தால், மின்சார ஸ்விச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். பூஜையறை விளக்கு எரிந்தால் அதை அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். காஸ் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது.

ஸ்நான அறைக்குள் போனவர் நெடுநேரம் வராமல், கூப்பிட்டாலும் பதில் இல்லையென்றால் மரியாதை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கதவை உடைத்துத் திறந்து, உங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். காஸை மூடுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சு நின்றிருந்தால், முறை அறிந்தவர் உடனே மார்பை அழுத்திச் செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் "காஸ் கீஸர் எரிந்துகொண்டிருந்தது" என்று மறவாமல் சொல்லுங்கள். விரலில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் கருவி இந்த விஷத்தைப் பிரித்தறியாது. விஷம் ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டிவிடும். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தைதான் டாக்டருக்கு வழிகாட்டும். குளித்து வந்ததும் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டவர் சொன்னால், பித்தம் என்று சுக்குக் கஷாயம் போடுவதற்கு முன் கீஸரை அணைத்துவிடுங்கள்.

முடிவாக ஒன்று. காஸ் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கண்ணெரிச்சலோடு ஊதுகுழலை ஊதி ஊதி நம் தாய்மார் பட்ட பாடு போதும். ஆயினும் தேசத்தில் செலவாகும் சமையல் காஸில் ஏறக்குறைய அறுபது பங்கு, நூற்றுக்கு அறுபது, கடல் கடந்து வருகிறது. நமது மொட்டை மாடிகளிலோ வருஷத்தில் பெரும்பாகம் வெயில் வீணாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. புது வீடு கட்டுகிறவர்கள் சூரிய வெப்பத்தினால் வெந்நீர் தரும் கருவியையும் எண்ணிப் பார்க்கட்டும். அதற்கு வெளிநாட்டுக் கப்பலும் வேண்டாம், அதனால் விஷமும் இல்லை.

அதுவரையில், காஸ் கீஸர் உள்ளவர்கள் ஒரே ஒரு காரியம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் கீஸர் சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே இருந்தால், நாளைக்கே ஆளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கசியும் காஸுக்கு மூக்கு உண்டு. எரிந்த காஸுக்குச் சுவரின் வெளிப்புறம் ஒன்றுதான் காவல்.